குறட்டைவிட்ட போர்வைகள்

மேல்கரை எஸ்டேட் மூன்றாம் டிவிஷனில், கோடை விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்து ஹாலைத் திறந்து, கழுவி, குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, மகளிர் குழுக்காரர்கள் தாங்கள் கையால் தைத்த நாற்பது ஒட்டுப்போர்வைகளைத் தொங்கவிட்டுக் கண்காட்சி என்று பெயர் வைத்து ரிப்பனும் வெட்டி முடித்த வெள்ளிக்கிழமை காலை, பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், குழுத் தலைவி அம்சவேணி தன் மாமனாரின் பழைய வேட்டியை வெட்டித் தைத்த போர்வை குறட்டைவிட ஆரம்பித்தது.

யாரும் அலறவில்லை. மூன்றாம் டிவிஷன்காரர்கள் அப்படியெல்லாம் சட்டென்று அலறுகிறவர்கள் இல்லை. யானை வந்து ரேஷன் கடைக் கதவைத் தள்ளினால்கூட முதலில் எந்த யானை என்றுதான் பார்ப்பார்கள். அம்சவேணி போர்வையின் அருகில் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டாள், செத்துப் பன்னிரண்டு வருஷமான மாமனார் உள்நாக்கைத் தட்டித் தட்டி விடும் அதே குறட்டை, இடையில் யாரையோ வைவதுபோல் ஒரு முணுமுணுப்புகூட அப்படியே இருந்தது. "மாமாதான்," என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் கலர் ஊற்றிக் கொடுக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் அடுத்த கயிற்றில் ஒன்று, அதற்கடுத்ததில் இரண்டு என்று ஆரம்பித்து, பாக்டரியில் மதியச் சங்கு ஊதும்போது பாதிப் போர்வைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

அந்த மலையில் வருஷத்தில் எட்டு மாதம் மழை, மீதி நான்கு மாதம் மழை வரப்போகிற மூட்டம். கம்பெனி முன்பு வருஷத்துக்கு ஆளுக்கொரு கம்பளி கொடுத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியபோது பெண்கள் இரண்டு நாள் திட்டிவிட்டு மூன்றாம் நாள் ஊசியை எடுத்தார்கள். பழைய சேலையை நான்காக மடித்து உள்ளே வைத்து, மேலே சட்டை, வேட்டி, லுங்கி, பாவாடை என்று வீட்டில் கிழிந்ததையெல்லாம் துண்டு போட்டு ஒட்டி, நெருக்க நெருக்க ஓட்டுத்தையல் போட்டால் ஒரு போர்வை. தைக்கத் தைக்கக் கைக்குத் திமிர் வந்துவிட்டது. குளிருக்கு என்று தொடங்கியது அழகுக்கு என்று ஆகி, தேயிலைப் பாத்தி போலப் பச்சையில் வரிவரியாக ஒன்று, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை லுங்கிக் கட்டத்தில் வளைத்து வளைத்து ஒன்று, நடுவில் ஒற்றைச் சிவப்புப் பூவும் சுற்றிலும் அறுபத்துநான்கு வெள்ளைச் சட்டைக் காலர்களுமாக ஒன்று, பள்ளிக்கூட நீலப் பாவாடைகளை மட்டுமே வைத்துத் தண்ணீர் அசைவது மாதிரி ஒன்று என்று வளர்ந்து, கடைசியில் ஒரு கண்காட்சியே வைக்கும் அளவுக்கு வந்து நின்றது. பரிசு கொடுக்கப் பொள்ளாச்சியிலிருந்து ஓய்வுபெற்ற தையல் டீச்சர் ஒருவர் வந்திருந்தார். ஒவ்வொரு போர்வையாகத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "யாரும்மா இது? கை நல்லாயிருக்கே," என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவர், குறட்டை ஆரம்பித்ததும் பேனாவை மூடிவிட்டுக் கொஞ்சம் யோசித்து, மதிப்பெண் தாளில் இன்னொரு கட்டம் போட்டுக்கொண்டார்.

யாருடைய குறட்டை எது என்பதில் அந்த ஊருக்குக் குழப்பமே வரவில்லை. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பத்து வீட்டுக்கு ஒரே தகரக் கூரை. வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் போய் நின்றுவிடும், அதற்கு மேல் கூரைவரை வெறும் காற்றுதான். ஒரு வீட்டில் உளுந்து வடை சுட்டால் பத்து வீட்டுக்கும் பசிக்கும். ஒருவர் குறட்டை பத்து வீட்டுக்கும் பொது. அதனால் ஜனங்கள் போர்வைக்குப் போர்வை நின்று, "இது நம்ம பீட்டர் சித்தப்பா," "இது மூணாம் நம்பர் கிழவர், மூக்குலயே விடுவாரு," என்று கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அடையாளம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போனார்கள். உயிரோடு இருக்கிறவர்களும் தப்பவில்லை. தலைமையாசிரியர் தனக்குக் குறட்டையே கிடையாது என்று இருபது வருஷமாகச் சாதித்தவர். அவருடைய சட்டைகளில் தைத்த போர்வை அவர் கண் முன்னாலேயே மரம் அறுத்தது. அவர் மனைவி அக்கம்பக்கத்தாரையெல்லாம் கையைப் பிடித்து அழைத்து வந்து கேட்கவைத்தாள். துபாயில் இருக்கும் மகனின் பனியன்களைத் தைத்திருந்த ஒரு தாய், போர்வை குறட்டைவிடுவதைக் கேட்டதும் போன் போட்டு, "அங்கே மணி ஒன்பதரை ஆகுது, இன்னும் என்ன தூக்கம்? வேலைக்குப் போகலையா?" என்று கேட்டாள். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்த பையன், அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க மறந்து, "எந்திரிச்சிட்டேம்மா," என்றான். யூனியன் கொடித்துணிகளில் தைத்த சிவப்புப் போர்வை கடைசிவரை கண் மூடவில்லை.

மறுநாளைக்குள் ஊர் அதற்கென்று ஒரு ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டது. ஹாலுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார்கள். மைக் செட்டை அணைத்தார்கள். குழந்தைகள் ஓடினால், "தூங்குறாங்கல்ல," என்று அதட்டினார்கள். கோயில் பூசாரியும் சர்ச் சாமியாரும் தனித்தனியாக வந்து பார்த்துவிட்டு, தூங்குகிறவர்களுக்குப் பரிகாரமோ ஜெபமோ தேவையில்லை என்று தனித்தனியாகவே ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள். மற்ற டிவிஷன்களிலிருந்து ஜீப் பிடித்து வந்தவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்து, தங்களுக்குச் சொந்தமில்லாத குறட்டைகளைக்கூடக் கேட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கொட்டாவி விட்டு, தலையைச் சாய்த்து, நெடுநாளாகத் தூங்காத தூக்கத்தைத் தூங்கி எழுந்து போனார்கள்.

வெள்ளத்தாய்க்கு மட்டும் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் நம்பர் வீட்டு வெள்ளத்தாய், ஐம்பத்துநான்கு வயது, நாளைக்கு நாற்பது கிலோ கொழுந்து பறிக்கிறவள், ஏழு வருஷமாகச் சரியாகத் தூங்காதவள். அவளுடைய போர்வைதான் ஹாலிலேயே அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். மஞ்சளும் நீலமுமான கட்டம் போட்ட சட்டைத் துணியைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக நறுக்கி, அவற்றைக் குருவிக் கூட்டமாகப் பறக்கவிட்டிருந்தாள். தையல் டீச்சர் அதற்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே பார்த்தார். முதல் பரிசு எவர்சில்வர் குடம் அதற்குத்தான் கிடைத்தது. வெள்ளத்தாய் குடத்தை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, மறுபடி போய்த் தன் போர்வையில் காதை வைத்தாள். துணி துணியாகத்தான் இருந்தது.

அவள் புருஷன் சங்கையா பாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர். லைனில் அவர் குறட்டைக்கு 'லாரி' என்று தனிப் பெயர் உண்டு. படுத்த ஐந்தாவது நிமிஷம் எங்கோ அடிவாரத்தில் லாரி ஏறுவதுபோல் தொடங்கி, வளைவுக்கு வளைவு கியர் மாற்றி, உச்சிக்கு வந்து ஒரு நிமிஷம் மூச்சே இல்லாமல் நின்று, வெள்ளத்தாய் அவர் நெஞ்சில் கை வைக்கப் போகும் சமயம் பார்த்து மறுபடி இறங்கும். இருபத்தைந்து வருஷம் அவள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினாள்.

ஆறாம் நம்பர் வீட்டு ரெஜினாவின் மகள் ஷீபா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்த வருஷம், ரெஜினா எஸ்டேட் ஆபீசுக்குப் போய், பக்கத்து வீட்டுக் குறட்டையில் பிள்ளை படிக்க முடியவில்லை என்று கணக்கு எழுதும் ரைட்டரிடம் சொல்லிவிட்டாள். ரைட்டர் அதை மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், முந்நூறு பேர் நடுவில் சொன்னார். "சங்கையா, உங்க லாரியைக் கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க." முந்நூறு பேரும் சிரித்தார்கள். சங்கையாவும் சிரித்தார். அன்றைக்கு ராத்திரியிலிருந்து குறட்டையை முழுங்கப் பழகினார். சத்தம் தொண்டைக்கு ஏறியதும் திடுக்கிட்டு விழித்து, கள்ளத்தனமாகத் தின்றதை மறைக்கிற மாதிரி விழுங்குவார். நான்கு நாள் அப்படிப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் காக்கிச் சட்டையோடு பாக்டரி மாடிக்கே படுக்கப் போய்விட்டார். பரீட்சை முடிந்தும் திரும்பி வரவில்லை. "பழகிருச்சு, விடு," என்றார். ஐப்பசியில் மாடிக் குளிரில் நெஞ்சில் சளி கட்டியது. தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து வெள்ளத்தாய் ரெஜினாவோடு பேசவில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், ஏழு வருஷமாகக் குடம் இடிபட்டால்கூடக் குடத்தைத்தான் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் காடாத்துச் சடங்கு முடித்துச் செத்தவருடைய பாய், தலையணை, துணிமணி எல்லாவற்றையும் ஓடையில் விட்டுவிட வேண்டும். அது வழக்கம். எல்லா வீட்டிலும் ஒன்றை மட்டும் ஒளித்து வைத்துக்கொள்வார்கள், அதுவும் வழக்கம்தான். வெள்ளத்தாய் ஒளித்து வைத்தது அந்த மஞ்சள் நீலக் கட்டம் போட்ட சட்டை. பொங்கலுக்கு எடுத்தது, இரண்டே தரம் போட்டது, மடிப்புக் கலையாதது. நல்லதை வைத்துக்கொண்டு பழசை விடுவதுதானே உலக நடப்பு என்று, காலர் நைந்து கை கிழிந்து தினமும் அவர் போட்டுக்கொண்டே தூங்கிய காக்கிச் சட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். இரண்டு தரம் போட்ட சட்டையில் ஒரு மனிதன் எங்கே தூங்கியிருக்கப்போகிறான். இதைப் புரிந்துகொண்டபோது அவள் ஹால் நடுவில், முதல் பரிசுக் குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ரெஜினா தன் போர்வையைக் கொண்டுவந்தாள். கரை அடித்து முடிக்கத் தாமதமாகிவிட்டதாம். பொள்ளாச்சியில் மாமியார் வீட்டில் ஷீபாவுக்குப் பிரசவமாகி இருபது நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி பக்கம் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பேரனுக்கென்று தைத்த போர்வை அது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும், அதுவரை தொங்கட்டும் என்று கொண்டுவந்தாள். ஷீபாவின் சின்ன வயசுக் கவுன்கள் ரோஜா நிறத்தில், நடுநடுவே காக்கித் துண்டுகள், மரத்தடியில் பூ உதிர்ந்து கிடப்பது போலிருந்தது. நாற்பத்தொன்றாவதாகக் கயிற்றில் போட்டுக் கிளிப்பு மாட்டிக் கையை எடுத்தாள். அடிவாரத்தில் லாரி ஏறியது. ஒரு வளைவு வந்தது, இரண்டாம் வளைவுக்குப் போனது, திடுக்கென்று நின்றது, ஒரு விழுங்கு. மறுபடி முதலிலிருந்து.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் வெள்ளத்தாயைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு ரெஜினாவைப் பார்த்தார்கள். அதன் பிறகு ரெஜினாவின் புருஷன் தொம்மையைப் பார்த்தார்கள். தொம்மை அப்பாவி, எல்லோரும் பார்க்கிறார்களே என்று சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்.

"சங்கையா அண்ணன் சட்டை உன் வீட்டுக்கு எப்படி வந்துச்சு?" என்று அம்சவேணிதான் கேட்டாள். கேட்காமல் விட்டால் ஊர் வேறு மாதிரி கேட்டுக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஓடையில," என்றாள் ரெஜினா. "துணி துவைக்கப் போனேன். கல்லுல சிக்கிக் கெடந்துச்சு. தள்ளிவிட்டேன், போகல. ரெண்டு தரம் தள்ளிவிட்டேன். எடுக்கக் கூடாதுன்னு தெரியும்க்கா. போக மாட்டேன்னு நிக்கிறதை நான் என்ன செய்ய?"

ஓடையில் விட்டதை எடுப்பது பெரிய தப்பு. அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் செய்ய மாட்டார்கள். ஆனால் தப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலே அந்த ஆள் பயந்து பயந்து தூங்கிக்கொண்டிருந்தார், யாருக்கும் அதட்ட மனசு வரவில்லை. காக்கித் துண்டுகளை மட்டும் வெட்டி வெள்ளத்தாய்க்குக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அம்சவேணி எண்ணிப் பார்த்தாள். இருபத்தேழு துண்டு, எல்லாப் பக்கமும் இறைந்திருந்தது. வெட்டினால் இரண்டு பேருக்கும் கந்தல்தான் மிஞ்சும்.

வெள்ளத்தாய் ஒரு பெஞ்சை இழுத்து அந்தப் போர்வைக்கு அருகில் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் குறட்டை ஒரு தரம், ஒரே ஒரு தரம் உச்சிவரை போய் இறங்குவதைக் கேட்க வேண்டும். சனிக்கிழமை முழுக்கக் கேட்டாள். ஒவ்வொரு தரமும் இரண்டாம் வளைவிலேயே விழுங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஹால் திறந்ததும் வந்து, அக்கம்பக்கம் பார்த்து, போர்வையில் வாயை வைத்து, "ஏங்க, நான்தான். யாரும் ஒண்ணும் சொல்லல. நிம்மதியாத் தூங்குங்க," என்றாள். குறட்டை இன்னும் சின்னதாகிப் போனது.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பெரட்டில் சிரித்த அன்றைக்கு ராத்திரி முழங்கையால் இடித்து, "ஏங்க, மெதுவா. மானம் போகுது," என்று சொன்னது அவள்தான். அடுத்த மூன்று ராத்திரியும் அவள்தான் "ஏங்க" என்றாள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் விழுங்க வேண்டும் என்று மனுஷர் பழகிவிட்டார். ஏழு வருஷமாக அடுத்த வீட்டைப் பார்த்தே சபித்துக்கொண்டிருந்தவள், பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பார்த்தவர்கள் பக்கத்துக் கயிற்றுப் போர்வைகளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

மூன்று மணி பஸ் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. ரெஜினா பையோடு வந்தாள், தொம்மை பின்னால் வந்தார். கிளிப்பைக் கழற்றக் கையை உயர்த்தியவள், பெஞ்சில் இருந்தவளைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள்.

"அக்கா, நீங்களே வச்சுக்கங்க," என்றாள். "பிள்ளைக்கு வேற தைச்சுக்கறேன்."

ரெஜினா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நேத்து ஷீபாகிட்ட போன்ல கேக்கவச்சேன். 'அம்மா, அது சங்கையா மாமா இல்ல?'ன்னு அழுதுட்டா. அந்தப் பரீட்சை நேரத்துல அவளுக்குத் தூக்கமே இல்லக்கா. அண்ணன் பாக்டரிக்குப் படுக்கப் போனதுக்கப்புறம் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுக் கெடந்தா. பொறந்ததுலயிருந்து அந்தச் சத்தத்துல தூங்கின பிள்ளை. எனக்குத்தான் தெரியல. திரும்பப் போய்ச் சொல்ல வெக்கம். அப்படியே விட்டுட்டேன்."

வாசலில் கண்டக்டர் விசில் ஊதினான். அம்சவேணி ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி அவனை அடக்கினாள்.

"உன் பேரன் தூங்குறானா?" என்று வெள்ளத்தாய் கேட்டாள். ஏழு வருஷத்தில் முதல் வார்த்தை.

"எங்கக்கா. ராத்திரி பகல் இல்லாம அழுகையாம்."

"அப்ப அவனுக்கே கொண்டு போ." அவள் எழுந்து நின்றாள். "ஆனா இப்படிக் கொண்டு போகாத. முழுங்கி முழுங்கித் தூங்குற மனுசனைப் பச்சைப் பிள்ளை பக்கத்துல போடக் கூடாது. நான் சொல்லிப் பாத்துட்டேன், நான் சொன்னா இன்னும் அடங்கிப் போறாரு. அது நான் பண்ணின பாவம். நீ சொல்லு."

"நான் என்னன்னுக்கா சொல்ல?"

"ஆபீசுல போய்ச் சொல்லத் தெரிஞ்சுதுல்ல? அங்க சொன்னதை இங்க நீயே வாபஸ் வாங்கணும்."

ரெஜினா பையைக் கீழே வைத்தாள். பெரியவர்கள் எதிரில் நிற்கிற மாதிரி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள், ஏன் எழுந்தோம் என்று பிறகு யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மற்றப் போர்வைகள் தங்கள் பாட்டில் தூங்கிக்கொண்டிருக்க, அவள் அந்த ஒன்றின் அருகில் போய், சுவர் தாண்டிப் பேசுகிறவள்போல் கொஞ்சம் குரலை உயர்த்தி, "அண்ணே, ஷீபா பரீட்சை எல்லாம் முடிஞ்சுபோச்சு," என்றாள். போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே மேலும் சொன்னாள்: "இனிமே நீங்க சத்தமாவே தூங்குங்கண்ணே."

லாரி ஏறியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. இரண்டாம் வளைவில் ஒரு கணம் தயங்கியது, வெள்ளத்தாய் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், பிறகு கியர் மாறிற்று. மூன்றாம் வளைவு, நான்காம் வளைவு, ஹாலின் ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன, முதல் பரிசுக் குடம் மேஜைமேல் நகர்ந்தது, உச்சிக்குப் போய் மூச்சே இல்லாமல் நின்றது, வெள்ளத்தாயின் கை தானாகப் போர்வையில் போய்ப் பதிந்தது, அவள் கைக்குக் கீழே அது மெதுவாக, தாராளமாக, யாருக்கும் பயப்படாமல் இறங்கியது. தொம்மை வாய்விட்டுச் சிரித்தார். பெரட்டில் சிரித்த சிரிப்பு இல்லை அது. அவர் சிரிக்கவும் ஹாலே சிரித்தது, சிரித்துக்கொண்டே பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

வெள்ளத்தாய்தான் கிளிப்பைக் கழற்றிப் போர்வையை மடித்தாள். மடிக்கும்போதும் அது நிற்கவில்லை. ரெஜினாவின் கையில் கொடுத்து, "கவுத்துப் போடாத, சத்தம் ஒரு மாதிரியா வரும். நடுவுல நிக்கும், பயந்துறாதீங்க, அது அப்படித்தான். ஷீபாகிட்ட சொல்லு," என்றாள். ரெஜினா அதை மடியில் வைத்து ஜன்னல் ஓரம் உட்கார, பஸ் கிளம்பியது. முதல் வளைவு திரும்பும்போது கேட்டது எஞ்சின் சத்தமா சங்கையாவா என்று வாசலில் நின்றவர்கள் பந்தயம் கட்டினார்கள். ஐந்தாம் வளைவுவரை வெள்ளத்தாய் நின்று கேட்டாள்.

அப்புறம் வீட்டுக்குப் போனாள். நான்கு மணி வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தது, லைனில் பெண்கள் குழாயடியில் நின்றார்கள், பிள்ளைகள் டயர் உருட்டினார்கள். அவள் கதவைச் சாத்தாமல், விரித்த பாயில், தலைக்குக் கையை வைத்துப் படுத்தாள். மறுநாள் காலைச் சங்கு ஊதும்வரை எழுந்திருக்கவில்லை. அவள் குறட்டைவிட்டாளா என்று பிற டிவிஷன்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்தப் பத்து வீட்டிலும் படுத்திருந்தவர்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.